அத்தியாயம் 6: நின்றுபோன லைசென்ஸை மீட்பது

லைசென்ஸ் நின்றுபோனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை நிறுத்தியது யார் என்பதுதான். கோர்ட்டா, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவா, கட்டாமல் கிடக்கும் சம்மனா, அல்லது நாமே புதுப்பிக்க மறந்து காலாவதியாக விட்டுவிட்டோமா? நிறுத்திய இடத்தில்தான் அதைத் திறக்கவும் முடியும். கோர்ட் நிறுத்தியதை ஜேபிஜே கவுண்டரில் கெஞ்சி வாங்க முடியாது. ஜேபிஜே நிறுத்தியதற்குப் போலீஸ் நிலையத்தில் போய் நின்று பயனில்லை. கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த்துக்கும் செபெராங் ஜெயாவுக்கும் அலைந்து, சம்பளத்தை இழந்து, கடைசியில் ஏஜென்டிடம் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் கிளம்பியவர்கள்.

இந்த வட்டாரத்தில் லைசென்ஸ் போனால் வேலையும் கூடவே ஆட்டம் காண்கிறது. மாக் மண்டின், பிறை, சுங்கை பட்டாணி என்று ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் மோட்டாரில்தான் கிளம்புகிறார்கள். லோரி ஓட்டுபவர்களுக்கும் உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களுக்கும் லைசென்ஸ்தான் முதல். ஆகவே இந்த அத்தியாயத்தை அவசரத்தில் படிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: வண்டிச் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு மேலே படியுங்கள். காரணம் பிறகு வருகிறது.

நிலையைத் தெரிந்துகொள்வது

கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்தால் உங்கள் லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்று தெரியும். ஜேபிஜேயின் மைசிக்காப் இணையத்தளத்தில் தடை, சம்மன், டிமெரிட் புள்ளி ஆகிய விவரங்களைப் பார்க்கலாம். போலீஸ் சம்மன்கள் தனி. அவற்றுக்கு மைபாயார் பிடிஆர்எம் செயலி இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் கட்டியாச்சு' என்று கவுண்டருக்குப் போனவர் திரும்பி வரவேண்டியிருக்கும்.

திரையைப் பார்த்துக் குழம்பினால் நேரில் போவதே நல்லது. தபால் நிலையக் கவுண்டர் சாதாரணப் புதுப்பிப்புக்கு மட்டுமே உதவும். தடை விழுந்த லைசென்ஸ் விவகாரத்துக்கு ஜேபிஜே அலுவலகத்துக்கே போகவேண்டும். பினாங்குப் பெருநிலத்துக்காரர்களுக்கு செபெராங் ஜெயா இருக்கிறது. தீவுப் பக்கம் வேலையென்றால் கொம்தாரில் உள்ள யூடிசி எனும் நகர்ப்புற உருமாற்ற மையத்தைப் பார்க்கலாம். அதிகாரி திரையைப் பார்த்து நான்கில் ஒன்றைச் சொல்வார்: 'செனாராய் ஹீத்தாம்' என்றால் சம்மனால் வந்த தடை, 'கந்தோங்' என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தம், 'பாத்தால்' என்றால் ரத்து, 'ஹிலாங் கெலாயாக்கான்' என்றால் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியையே கோர்ட் பறித்திருக்கிறது. எது என்று எழுதி வாங்குங்கள், அல்லது அவர் சொன்னதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்த உத்தரவின்படி, எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்றும் கேளுங்கள். கையில் மைகார்டு, பழைய லைசென்ஸ், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

கோர்ட் பறித்த லைசென்ஸ்

நான்கில் கடினமானது இதுதான். சட்டம் 2020-இல் எவ்வளவு இறுகியது என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லி கிராம் என்றிருந்த மது அளவு 50 ஆகக் குறைந்தது. மூச்சுச் சோதனையில் 35 மைக்ரோ கிராம் என்றிருந்தது 22 ஆனது. அளவைத் தாண்டி ஓட்டியதாக 45ஏ பிரிவில் முதன்முறை குற்றம் உறுதியானால் 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் தகுதியிழப்பு. மறுமுறை என்றால் தகுதியிழப்பு குறைந்தது 5 ஆண்டு. போதையில் ஓட்டி உயிர் போய்விட்டால் 44-ஆம் பிரிவு. அதில் முதல் தடவையே 10 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை சிறை, குறைந்தது 10 ஆண்டு தகுதியிழப்பு. அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்த 41-ஆம் பிரிவில் தகுதியிழப்பு குறைந்தது 5 ஆண்டு.

இந்தக் 'குறைந்தது' என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். குற்றம் உறுதியான பிறகு நீதிபதி இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே போக முடியாது. '2 வருஷத்தை 6 மாசமாக்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து விலகி வாருங்கள். காலத்தைக் குறைக்க வேண்டுமானால் வழக்கு முடிவதற்கு முன்பே முயல வேண்டும். வக்கீல் வழியாக அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞருக்கு 'ரெப்ரசெந்தாசி' எனும் மனு அனுப்பி, குற்றச்சாட்டைக் குறைக்கக் கேட்பது ஒரு வழி. கவனக்குறைவாக ஓட்டிய 43-ஆம் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஆனால் கோர்ட்டுக்குப் போன முதல் நாளே, பக்கத்தில் நின்றவர் சொன்னார் என்று, 'ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடும்' என்று தலையாட்டிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தைக் கேட்கலாம். குற்றவியல் வழக்குகளில் வருமான வரம்புக்கு உட்பட்ட குடிமக்களுக்கு அது இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்கிறது. வழக்குத் தேதிக்கு முன்பே கேளுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டதா? மாஜிஸ்திரேட் கோர்ட் அல்லது செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பின் மீது அப்பீல் செய்ய 14 நாள்தான் உண்டு. அந்த 14 நாளுக்குள் நோட்டீஸ் கோர்ட்டில் பதிவாக வேண்டும். அப்பீல் போட்ட மாத்திரத்தில் லைசென்ஸ் திரும்ப வந்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். தண்டனையை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். ஜொகூர் பாருவில் 2017-இல் 'பாசிக்கல் லாஜாக்' எனும் மாற்றியமைத்த சைக்கிள் ஓட்டிய சிறுவர்கள் 8 பேர் இறந்த விபத்து நாட்டையே உலுக்கியது நினைவிருக்கும். காரோட்டிய பெண்ணுக்கு 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 6 ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும், சிறைக்குப் பிறகு 3 ஆண்டு ஓட்டத் தடையும் விதித்தது. சில நாள்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. 2023 ஏப்ரலில் அவரை விடுதலையே செய்தது. தடை போட்ட கோர்ட்டுக்கு மேலுள்ள கோர்ட்தான் அதை நீக்கியது. அந்த வழக்கு முழுக்க, ஜேபிஜே கவுண்டரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் நாம் கற்க இன்னொன்றும் இருக்கிறது. தடைக் காலம் எப்போது தொடங்குகிறது? தீர்ப்பு நாளிலிருந்தா, சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்தா? உத்தரவில் அது எழுதியிருக்கும். 'ரெண்டு வருஷம்' என்று காதில் விழுந்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வழக்கு நடந்த பட்டர்வொர்த் கோர்ட்டிலோ வேறு கோர்ட்டிலோ உத்தரவின் சான்று நகலை விண்ணப்பித்து வாங்குங்கள். அபராதம் கட்டிய ரசீதையும் அதனோடு பின் அடித்து ஒரே உறையில் வைத்துவிடுங்கள். ஆண்டுகள் கழித்துக் கவுண்டரில் நிற்கும்போது நமக்காகப் பேசப்போவது அந்த உறைதான்.

காலம் முடிந்ததும் கணினியில் தடை தானாக நீங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் வண்டி எடுக்கக் கூடாது. ஜேபிஜேக்குப் போய் உத்தரவு நகலைக் காட்டி, தடை நீங்கிவிட்டதா, லைசென்ஸைப் புதுப்பித்தால் போதுமா, தேர்வு எழுத வேண்டுமா என்று மூன்றையும் கேளுங்கள். நீண்ட தடையில் இருந்தவர்கள் தேர்வுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு போவது நல்லது. தடைக் காலத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்பதால், அது காலாவதியாகி 3 ஆண்டைத் தாண்டிவிடும் வாய்ப்பும் உண்டு. அப்படித் தாண்டியது பொதுவாகப் புதுப்பிப்புக்கு உதவாது.

கெஜாரா புள்ளிகள்

ஜேபிஜே நேரடியாக நிறுத்துவது பெரும்பாலும் கெஜாரா டிமெரிட் புள்ளிகளால். 1997-இல் வந்த இந்த முறை, 2017 ஏப்ரலில் அவாஸ் எனும் தானியங்கிச் சாலைக் கேமராக்களோடு சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டது. சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி. புள்ளிகள் சேரச் சேர முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு நிறுத்தம், மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டால் ரத்து. பி லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. 20 புள்ளியில் லைசென்ஸ் ரத்தாகும். அதன் பிறகு எல் லைசென்ஸ் வாங்குவதிலிருந்து எல்லாம் முதலிலிருந்து.

புள்ளி எப்போது ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குற்றம் செய்த அன்று ஏறாது. சம்மனைக் கட்டும்போது, அல்லது கோர்ட்டில் குற்றம் உறுதியாகும்போது ஏறும். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த சம்மன்களைத் தள்ளுபடிக் காலத்தில் ஒரே மூச்சில் கட்டுகிறவர், புள்ளிகளையும் ஒரே மூச்சில் ஏற்றிக்கொள்கிறார். இதைச் சொல்வதால் 'அப்ப கட்டாமலே இருந்திடலாமே' என்று நினைக்கக் கூடாது. கட்டாதவை தடைப் பட்டியலில் ஏற்றும்; கோர்ட்டுக்கும் கொண்டுபோகும். 2026 ஜனவரி 1 முதல் சம்மனுக்குப் புதிய கணக்கு: 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு தள்ளுபடி, 60 நாள் வரை முழுத்தொகை, அதைத் தாண்டினால் கோர்ட். இனி சேர்த்து வைப்பதில் எந்த லாபமும் இல்லை. வந்ததும் பார்த்து, உங்களுடையதுதான் என்றால் அப்போதே கட்டுங்கள்.

உங்களுடையதுதானா என்று பார்ப்பது மிக முக்கியம். நம் குடும்பங்களில் கார் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். மோட்டார் அண்ணன் பெயரில் இருக்கும், எடுத்துப் போவது தம்பி. கேமராவுக்கு முகம் தெரியாது, வண்டி எண்தான் தெரியும். நோட்டீஸ் உரிமையாளருக்கு வரும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமை உரிமையாளருக்கு உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் நோட்டீஸோடு ஒரு பாரம் வருகிறது. 'பையன் பாவம், நானே கட்டிடறேன்' என்று அப்பா கட்டினால் புள்ளி அப்பாவின் தலையில் ஏறுகிறது. அவர் லோரி ஓட்டுபவராக இருந்தால் குடும்பத்தின் சோறு அந்த லைசென்ஸில் இருக்கிறது. ஜிடிஎல் எனும் சரக்கு வாகன உரிமம் சாதாரண லைசென்ஸ் மேல் நிற்பது. கீழே உள்ளது ஆடினால் மேலே உள்ளதும் விழும். பிள்ளை மேல் உள்ள பாசத்தை வேறு வழியில் காட்டுங்கள். பாரத்தில் ஓட்டியவர் பெயரை எழுதுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் தேதி, நேரம், இடம், வண்டி எண் நான்கையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். அன்று வண்டி எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று நினைவிருக்கும்போதே பதில் போய்விட வேண்டும்.

நோட்டீஸே வராமல் போவதும் உண்டு. தோட்டத்து வீட்டை விட்டு பெர்தாம், தாசேக் குளுகோர் பக்கம் தாமானுக்கு மாறிய குடும்பங்களில் மைகார்டிலும் ஜேபிஜே பதிவிலும் பழைய முகவரியே கிடக்கும். எச்சரிக்கைக் கடிதம் ஆளில்லாத வீட்டுக்குப் போகும். முகவரியை மாற்றிக்கொள்வது ஒரு பகல் வேலை, செய்துவிடுங்கள்.

நிறுத்தக் கடிதம் வந்து, உங்கள் தரப்பைச் சொல்லும்படி கேட்டிருந்தால் கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். மலாய் மொழியில் ஒரு பக்கம் போதும். முதல் வரியில் பெயர், மைகார்டு எண், கடிதத்தின் குறிப்பு எண். அடுத்து, எந்தச் சம்மன்கள் உங்களுடையவை, எவற்றில் வேறொருவர் ஓட்டினார், அதற்கு என்ன ஆதாரம். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டாக ஓட்டுகிறீர்கள், யார் யார் உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று மூன்று நான்கு வரி. முதலாளியின் கடிதமும் சம்பளச் சீட்டும் இணைப்பில் போகட்டும். 'ஏழை, இரக்கம் காட்டுங்கள்' என்பதை மட்டும் பக்கம் நிறைய எழுதுவதைக் காட்டிலும், 'அந்தத் தேதியில் நான் இரவு ஷிப்டில் இருந்தேன், இதோ பஞ்ச் கார்டு' என்ற ஒரு வரிக்கு எடை அதிகம். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

சம்மன் தடையும் காலாவதியும்

சம்மனால் மட்டும் தடை என்றால் வேலை சுலபம். போலீஸ் சம்மனை மைபாயாரிலோ மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலோ, ஜேபிஜே சம்மனை மைஜேபிஜேயிலோ கட்டுங்கள். கட்டிய பிறகும் தடை நீங்காவிட்டால் ரசீதுடன் போய்ச் சொல்லுங்கள். கட்ட விடாமல் 'கோர்ட்' என்று காட்டும் சம்மன்கள் உண்டு. அவற்றுக்குத் தேதி எது என்று கேட்டு, கோர்ட்டில் ஆஜராக வேண்டும். ஆஜராகாமல் விட்டால் பிடிவாரன்ட் வரை போகும்.

காலாவதி விஷயத்தில் இரண்டு எல்லைகள். முழு லைசென்ஸ் காலாவதியாகி 3 ஆண்டுக்குள் என்றால் புதுப்பிக்கலாம். டி வகுப்புக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், பி2 மோட்டாருக்கு 20. பி லைசென்ஸ் முடிந்து 1 ஆண்டு தாண்டினால் மீண்டும் ஆரம்பத்திலிருந்து. ஆரம்பம் என்றால் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக எழுதி, எல் வாங்கி, பயிற்சி முடித்து, மேடு, பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம் என்று சர்க்கிட்டில் ஓட்டிக்காட்டி, சாலையிலும் ஓட்டிக்காட்ட வேண்டும். இருபது வருடம் ஓட்டியவர்கள் சர்க்கிட்டில் தோற்பது சகஜம். பழக்கத்தில் செய்பவை தேர்வு விதிக்கு ஒத்துவராது. கூச்சப்படாமல் பயிற்சி எடுங்கள். சுலபம் என்று ஆட்டோமேட்டிக்குக்கான டிஏ வகுப்பில் சேர்ந்தால் மேனுவல் வண்டி ஓட்ட முடியாது. லோரிக்குத் திரும்ப நினைப்பவர்கள் டி வகுப்பிலேயே சேர வேண்டும். ஜிடிஎல் ஓட்டுநர்களுக்கும், பயணிகள் வாகனத்துக்கான பிஎஸ்வி ஓட்டுநர்களுக்கும் எல்8ஏ மருத்துவப் பாரமும் தேவை.

காத்திருக்கும் காலம்

சாவியைக் கொடுத்துவிடச் சொன்னதற்கு இதுதான் காரணம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 26-ஆம் பிரிவில் 300 முதல் 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். கோர்ட் தடையை மீறி ஓட்டினால் அது தனிக் குற்றமாகிவிடும். 64-ஆம் பிரிவில் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். வண்டியைக் கொடுத்த அண்ணனும், தெரிந்தே வேலைக்கு அனுப்பிய முதலாளியும் அதே 26-ஆம் பிரிவில் மாட்டுவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது இன்சூரன்ஸ். நம் மோட்டார் பாலிசிகளில், ஓட்டுபவர் லைசென்ஸ் உள்ளவராகவோ முன்பு வைத்திருந்து தகுதி இழக்காதவராகவோ இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். தடையில் இருக்கும்போது ஒருவர் மீது மோதிவிட்டால், உங்கள் வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கொடுக்காது. அடிபட்டவருக்கு அது கொடுக்க நேர்ந்தால், அந்தப் பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்க முடியும். ஒரு கால் முறிவுக்கான நஷ்டஈடு என்பது தாமான் வீட்டின் கடனைப் போல ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குத்தானே என்று எடுப்பதிலும் இதே அபாயம் இருக்கிறது.

மாற்று வழி தேடுபவர்கள் மின் ஸ்கூட்டர் வாங்கிவிட வேண்டாம். 2021 டிசம்பர் முதல் அவற்றைச் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறது. மின் மோட்டார்சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டும். தொழிற்சாலை பஸ், ரேப்பிட் பினாங்கு, தாசேக் குளுகோரிலிருந்து பட்டர்வொர்த்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் போகும் கொமுட்டர் ரயில் ஆகியவற்றின் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஷிப்டோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மேலாளரிடம் ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள். லைசென்ஸ் நின்ற விஷயத்தை லோரி முதலாளியிடம் மறைக்கவே கூடாது. பிறகு தெரிய வந்தால் வேலை போகும், பரிந்துரைக் கடிதமும் கிடைக்காது.

ஏஜென்ட்

பேஸ்புக்கில் 'தடை நீக்கித் தரப்படும், தேர்வு இல்லாமல் லைசென்ஸ்' என்று விளம்பரங்கள் வரும். கைக்கு ஓர் அட்டையும் வரலாம். ஆனால் சாலையில் நிறுத்தும் அதிகாரி பார்ப்பது அட்டையை அல்ல, கணினிப் பதிவை. பணம் போனதோடு போலி ஆவணம் வைத்திருந்த வழக்கும் சேரும். ஏற்கெனவே நொந்துபோன குடும்பங்கள்தான் இவர்கள் வலையில் விழுகின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: இந்த அத்தியாயத்தில் சொன்ன எந்த வேலைக்கும் இடைத்தரகர் தேவையில்லை. மலாயில் பேசத் தயங்குகிறவர்கள் படித்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

லைசென்ஸ் திரும்பிய அன்று

மைஜேபிஜேயில் புதிய காலாவதி தேதியையும், பழைய வகுப்புகள் எல்லாம் வந்துவிட்டனவா என்பதையும் கவுண்டரை விட்டு வெளியேறும் முன்பே பாருங்கள். டி மட்டும் திறந்து பி2 திறக்காமல் இருந்தால் மோட்டாரில் வீடு திரும்ப முடியாது. வண்டி நின்றிருந்த காலத்தில் இன்சூரன்சும் சாலை வரியும் முடிந்திருக்கும். அவற்றைப் புதுப்பித்து, பாலிசி நடப்பில் இருப்பதை உறுதி செய்தபின் சாவியைக் கேளுங்கள். கோர்ட் உத்தரவு, ரசீது, முத்திரை நகல் அடங்கிய அந்த உறையைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வையுங்கள். ஜிடிஎல் விண்ணப்பத்தின்போதோ, புதிய முதலாளி பழைய விவரம் கேட்கும்போதோ அது வேண்டியிருக்கும்.